விளக்கம்: சுவிட்சைப் போட்டதும் லேசருக்குள் நடப்பது என்ன?

வீட்டுச் சுவரில் பொருத்தப்பட்டிருக்கும் ஃபைபர் இணையப் பெட்டியின் உள்ளே கடுகைவிடச் சிறிய லேசர் சில்லு ஒன்று இருக்கிறது. நாம் அனுப்பும் குறுஞ்செய்தியும், ஒளிப்படமும், காணொலி அழைப்பில் தோன்றும் நமது முகமும் அந்தச் சில்லு உமிழும் ஒளியாகவே வீட்டை விட்டு வெளியேறுகின்றன. ஆனால் அந்த லேசர் எந்நேரமும் ஒளிர்ந்துகொண்டிருப்பதில்லை. தனக்கு ஒதுக்கப்பட்ட மிகச் சிறிய கால இடைவெளியில் மட்டும் ஒளிர்ந்து, உடனே அணைந்து, அடுத்த முறைக்காகக் காத்திருக்கிறது. ஒரு விநாடிக்குள் இவ்வாறு பல ஆயிரம் முறை நிகழக்கூடும்.

மின்விளக்கைப் போல, மின்சாரம் பாய்ந்தவுடன் லேசரும் சீராக ஒளிர்ந்துவிடும் என்றே எண்ணத் தோன்றும். நடப்பது வேறு. முதலில் ஒரு மௌனம், அடுத்து தேவைக்கு மேல் பொங்கியெழும் ஒளி, பின்னர் தணிந்து எழும் அலைவு, இவற்றினூடே லேசருக்குள் இருக்கும் பல நிறங்களுக்கிடையே ஒரு போட்டி என அடுத்தடுத்து அரங்கேறுகின்றன. இவை அனைத்தும் சில நானோ விநாடிகளில், அதாவது ஒரு விநாடியின் நூறு கோடியில் சில பங்குகளுக்குள், முடிந்துவிடுகின்றன. தொலைத்தொடர்புப் பொறியாளர்கள் எந்த ஊருக்கு எந்த லேசரை, எந்த அலைநீளத்தில் பயன்படுத்த வேண்டும் என்று முடிவு செய்வதில் இந்தச் சில நானோ விநாடிகளுக்குப் பெரும் பங்குண்டு.

ஒரே லேசரில் பல நிறங்களா?

லேசர் என்றாலே ஒற்றை நிற ஒளி என்று பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். அது தோராயமான உண்மை மட்டுமே. லேசரின் இரு முனைகளிலும் கண்ணாடி போன்ற எதிரொளிக்கும் பரப்புகள் உள்ளன. அவற்றுக்கிடையே ஒளி முன்னும் பின்னும் ஓடும்போது, அந்த இடைவெளிக்குள் முழு எண்ணிக்கையில் அரை அலைகளாகப் பொருந்தும் அலைநீளங்கள் மட்டுமே நிலைக்கும். வீணையின் தந்தியில் இரு முனைகளுக்கிடையே குறிப்பிட்ட அதிர்வுகள் மட்டும் நிலைப்பதற்கு ஒப்பானது இது. இவ்வாறு பொருந்தும் ஒவ்வோர் அதிர்வையும் இயற்பியலாளர்கள் 'மோடு' என்கின்றனர். தமிழில் 'பாங்கு' எனலாம்.

வீணைத் தந்தியில் நாம் கேட்பது முதல் சில அதிர்வுகளை. லேசரிலோ நிலைமை வேறு. ஒரு குறைகடத்தி லேசரின் நீளம் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவாக, சுமார் 300 மைக்ரோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 1310 நானோமீட்டர் அலைநீள ஒளியில் அதனுள் ஏறத்தாழ 1,500 அரை அலைகள் அடங்கும். ஒன்று கூடினாலும் குறைந்தாலும் அதுவும் பொருந்தும். எனவே அடுத்தடுத்த பாங்குகளுக்கிடையே உள்ள வேறுபாடு ஒரு நானோமீட்டருக்கும் குறைவு, சுமார் 0.8 நானோமீட்டர். அந்தப் பொருள் ஒளியைப் பெருக்கும் அலைநீளப் பட்டையோ இதைப்போல் பல மடங்கு அகலமானது. ஆகவே பல பாங்குகளுக்கு ஒளிர வாய்ப்பு இருக்கிறது. இத்தகைய லேசரே பல்பாங்கு லேசர் எனப்படுகிறது.

இங்கு ஒரு சொற்குழப்பத்தைத் தெளிவுபடுத்திவிடலாம். 'மல்டிமோடு' என்ற சொல் கண்ணாடி இழைகளுக்கும் பயன்படுகிறது. அங்கு அது ஒளி பல பாதைகளில் செல்வதைக் குறிக்கும். இக்கட்டுரை பேசுவது அதைப் பற்றியன்று. லேசருக்குள் அருகருகே நிற்கும் பல அலைநீளங்களைப் பற்றியே.

முதலில் மௌனம், பிறகு பொங்கல்

மின்னோட்டம் பாயத் தொடங்கியதும் சில்லுக்குள் எலக்ட்ரான்கள் சேரத் தொடங்குகின்றன. ஒளி உடனே பெருகுவதில்லை. ஏரியில் நீர் ஏறிக்கொண்டே இருந்தாலும் கலிங்கின் மட்டத்தை எட்டும்வரை ஒரு சொட்டும் வழிவதில்லை அல்லவா? அதுபோல, சேர்ந்த எலக்ட்ரான்கள் தரும் பெருக்கம், கண்ணாடிகளின் வழியே ஏற்படும் ஒளி இழப்பைச் சமன் செய்யும் வரை லேசர் லேசராக இயங்குவதில்லை. இந்த எல்லையே தொடக்க வரம்பு. அதுவரை வெளிவருவது மங்கலான, ஒழுங்கற்ற தன்னிச்சை உமிழ்வு மட்டுமே.

இந்தக் காத்திருப்பு நேரத்தை எளிதாகக் கணக்கிடலாம். சில்லுக்குள் ஓர் எலக்ட்ரானின் சராசரி வாழ்நாள் 2 நானோ விநாடி என்றும், தொடக்க வரம்புக்குத் தேவையானதைப் போல் இரு மடங்கு மின்னோட்டம் பூஜ்ஜியத்திலிருந்து திடீரெனச் செலுத்தப்படுகிறது என்றும் கொண்டால், தாமதம் சுமார் 1.4 நானோ விநாடி. கேட்பதற்கு அற்பமாகத் தோன்றும் இந்த நேரத்தில், விநாடிக்கு 124 கோடி பிட்டுகள் அனுப்பும் இணைப்பில் கிட்டத்தட்ட இரண்டு பிட்டுகள் தொலைந்துவிடும்.

ஏரி உவமை இதற்கு மேல் உதவாது. கலிங்கில் நீர் வரம்பைத் தொட்டதும் வழிந்து, மட்டம் அங்கேயே நிற்கும். லேசரில் வரம்பைத் தாண்டிய பின்பும் எலக்ட்ரான்கள் சேர்ந்துகொண்டே போகின்றன. காரணம், அவற்றைக் கரைக்க வேண்டிய ஒளி அந்தக் கணத்தில் சில ஃபோட்டான்கள் என்ற அளவிலேயே இருக்கிறது. அது பெருகி வலுவடையச் சற்று நேரம் பிடிக்கிறது. வலுவடைந்ததும், தேவைக்கு மேல் குவிந்திருந்த எலக்ட்ரான்களை ஒரே மூச்சில் காலி செய்து, நிலையான அளவைப்போல் பல மடங்கு உயர்ந்த ஒரு துடிப்பாக வெளிப்படுகிறது. எலக்ட்ரான்கள் வரம்புக்குக் கீழே இறங்கியதும் ஒளி மங்குகிறது. மங்கியதும் எலக்ட்ரான்கள் மீண்டும் சேர்கின்றன. அடுத்த துடிப்பு எழுகிறது, இம்முறை சற்றுச் சிறியதாக. காட்டில் மான்கள் பெருகினால் புலிகள் பெருகுவதும், புலிகள் பெருகினால் மான்கள் குறைவதும் போன்ற சுழற்சி இது. 'தளர்வு அலைவு' எனப்படும் இந்த ஏற்ற இறக்கம் குறைகடத்தி லேசரில் விநாடிக்குச் சில நூறு கோடி முறை என்ற வேகத்தில் நிகழ்ந்து, ஓரிரு நானோ விநாடிகளில் அடங்கிவிடும்.

யார் முந்துவது?

இதுவரை சொன்னது ஒற்றைப் பாங்கு லேசருக்கும் பொருந்தும். பல்பாங்கு லேசரின் தனிச் சிக்கல் இனிமேல்தான் தொடங்குகிறது.

வரம்பைத் தாண்டிய அந்தக் கணத்தில் எலக்ட்ரான்கள் மிகையாக இருப்பதால், ஒரு பாங்குக்கு மட்டுமன்றி அதன் இருபுறமும் உள்ள பல பாங்குகளுக்கும் ஒரே நேரத்தில் வளர வழி கிடைக்கிறது. ஒவ்வொன்றும் தற்செயலாக உமிழப்பட்ட ஒரு சில ஃபோட்டான்களிலிருந்து வளரத் தொடங்குகிறது. ஃபோட்டான்களின் இயல்பு விசித்திரமானது. ஏற்கெனவே கூட்டம் இருக்கும் பாங்கிலேயே புதிய ஃபோட்டானும் சேர விரும்பும். 1917-ஆம் ஆண்டில் ஐன்ஸ்டைன் விளக்கிய தூண்டு உமிழ்வும், 1924-இல் டாக்கா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சத்யேந்திரநாத் போஸ் வகுத்த புள்ளியியலும் ஒளியின் இந்தக் கூடிச்சேரும் குணத்தையே இரு வேறு வழிகளில் காட்டுகின்றன. ஆகவே, தொடக்கத்தில் தற்செயலாக இரண்டு ஃபோட்டான்கள் கூடுதலாகப் பெற்ற பாங்கு, அந்த முன்னிலையை மடங்கு மடங்காகப் பெருக்கிக்கொள்கிறது.

முதல் துடிப்பு எழும்போது லேசரின் ஒளியில் பல நிறங்கள் கலந்திருப்பது இதனால்தான். பின்னர் எலக்ட்ரான்களின் எண்ணிக்கை ஏறத்தாழ வரம்பிலேயே நிலைபெற்றதும் போட்டி தொடங்குகிறது. பெருக்கப் பட்டையின் உச்சிக்கு மிக அருகில் இருக்கும் பாங்கே வெல்ல வேண்டும். ஆனால் வெற்றி உடனே கிடைப்பதில்லை. அடுத்தடுத்த பாங்குகளின் பெருக்கத்தில் உள்ள வேறுபாடு ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற அளவில்தான் இருக்கும். சில்லுக்குள் ஒரு ஃபோட்டான் வாழும் காலம் சுமார் 2 பைக்கோ விநாடி எனக் கொண்டால், அவ்வளவு சிறிய சாதகத்தை வைத்துக்கொண்டு ஒரு பாங்கு தன் அண்டைப் பாங்கைவிட 2.7 மடங்கு முந்துவதற்கு 2 நானோ விநாடி தேவைப்படும். தெளிவான வெற்றிக்கு இன்னும் பல நானோ விநாடிகள் ஆகும்.

இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. மொத்த ஒளி விரைவில் சீராகிவிடுகிறது. அந்த ஒளியை எந்தெந்த நிறங்கள் எவ்வளவு பங்கிட்டுக்கொள்கின்றன என்பது மட்டும் நெடுநேரம் மாறிக்கொண்டே இருக்கிறது. வெளியில் ஓர் ஒளி உணரியை வைத்து அளப்பவருக்கு லேசர் நிலைபெற்றுவிட்டதாகவே தோன்றும். நிறங்களைப் பிரித்துப் பார்ப்பவருக்கே உள்ளே இன்னும் பூசல் ஓயவில்லை என்பது தெரியும். தொடர்ந்து எரியவிட்டால் ஏறத்தாழ ஒற்றை நிறத்தில் ஒளிரும் லேசர்கூட, விரைவாக அணைத்து அணைத்து ஏற்றப்படும்போது பல நிற லேசராக மாறுவது இதனாலேயே. ஒவ்வொரு முறையும் போட்டி தொடக்கத்திலிருந்து நடத்தப்படுகிறது, ஒவ்வொரு முறையும் முடிவு சற்று மாறுகிறது.

ரூபி லேசர் விட்டுச்சென்ற புதிர்

இந்த நடத்தை லேசர் பிறந்த ஆண்டிலேயே கவனிக்கப்பட்டது. 1960-ஆம் ஆண்டு மே 16-ஆம் தேதி, அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணம் மாலிபுவில் உள்ள ஹியூஸ் ஆய்வகத்தில் தியோடர் மைமன் உலகின் முதல் லேசரை ரூபிக் கல்லைக் கொண்டு இயக்கினார். அதே ஆண்டில் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ரூபியின் ஒளி சீரான துடிப்பாக வெளிவராமல், மைக்ரோ விநாடி அளவிலான கூர்முனைகளின் தொகுப்பாக வருவதைப் பதிவு செய்தனர். ரூபியில் கிளர்வுற்ற அயனிகள் சுமார் 3 மில்லி விநாடி வாழ்கின்றன. ஆகவே அங்கு அனைத்தும் குறைகடத்தி லேசரைவிட மிக மெதுவாகவே நடக்கும். அக்கால அலைகாட்டிகளின் திரையிலேயே பார்த்துவிடலாம்.

கூர்முனைகள் தோன்றியதில் வியப்பில்லை. அவை ஒழுங்காகத் தணியாமல் தாறுமாறாக எழுந்ததே புதிராக இருந்தது. ஒற்றைப் பாங்குக் கோட்பாட்டின்படி அவை வரிசையாகச் சிறுத்து மறைய வேண்டும். 1963-இல் டாங், ஸ்டாட்ஸ், டிமார்ஸ் ஆகிய மூவர் இதற்குப் பல்பாங்கு விளக்கத்தை முன்வைத்தனர். கண்ணாடிகளுக்கிடையே நிற்கும் நிலை அலையில் ஒளி உச்சமாக இருக்கும் இடங்களும், ஒளியே இல்லாத கணுக்களும் மாறி மாறி அமைகின்றன. ஒரு பாங்கு தன் உச்சங்களில் உள்ள அயனிகளின் ஆற்றலை உறிஞ்சிவிடும். கணுக்களில் உள்ளவை தீண்டப்படாமல் மிஞ்சும். திடப்பொருளில் அயனிகள் இடம்பெயர முடியாது. எனவே அந்த மிச்சத்தை, வேறு இடங்களில் உச்சம் கொண்ட மற்றொரு பாங்கு பயன்படுத்திக்கொள்கிறது. ஒரே பந்தியில் இலை மாற்றி அமர்வது போன்ற இந்த ஏற்பாட்டினால் பல பாங்குகள் ஒன்றையொன்று முழுதாக வெல்லாமல் சேர்ந்தே வாழ்கின்றன. குறைகடத்தியில் எலக்ட்ரான்கள் விரைவாகப் பரவி இந்தப் பள்ளங்களை நிரப்பிவிடுவதால் அங்கு போட்டியே மேலோங்குகிறது.

பாங்குகள் சேர்ந்து வாழ்வதிலும் ஒரு விந்தை உண்டு. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பயின்று அமெரிக்காவில் ஆய்வு செய்த ராஜர்ஷி ராய் உள்ளிட்டோர், பல்பாங்கு லேசர் ஒன்றில் 'எதிர்க்கட்ட' நிலைகளைக் கண்டறிந்ததாக 1990-இல் அறிவித்தனர். ஒரு பாங்கு எழும்போது மற்றொன்று தாழ்கிறது. பாங்குகள் முறை வைத்துக்கொண்டு ஒளிர்வது போன்ற காட்சி அது. திட நிலை லேசர்களில் இத்தகைய எதிர்க்கட்ட அலைவுகள் தனித்தனிப் பாங்குகளை அளந்தால் தெளிவாகத் தெரியும். அனைத்தையும் கூட்டினால் ஒன்றையொன்று சமன் செய்து மறைந்துவிடும்.

எல்லா நேரமும் இப்படிச் சமாதானமாக முடிவதில்லை என்பதற்குப் பச்சை லேசர் ஓர் எடுத்துக்காட்டு. கண்ணுக்குத் தெரியாத 1064 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியை லேசருக்கு உள்ளேயே ஒரு படிகத்தால் 532 நானோமீட்டர் பச்சையாக மாற்றும் கருவிகளில், வெளிவரும் ஒளி காரணமின்றிக் கடுமையாக ஏறி இறங்குவதை 1986-இல் தாமஸ் பேர் ஆராய்ந்து வெளியிட்டார். படிகம் ஒவ்வொரு பாங்கையும் தனித்தனியே பச்சையாக்குவதோடு நில்லாமல், இரு பாங்குகளைக் கூட்டியும் பச்சையாக்குகிறது. இதனால் ஒரு பாங்கின் இழப்பு மற்றொன்றின் வலிமையைச் சார்ந்ததாகி, முழு அமைப்பும் ஒழுங்கின்மைக்குள் தள்ளப்படுகிறது. துறையினரிடையே இது 'பச்சைச் சிக்கல்' என்றே பெயர் பெற்றது. ஒரே பாங்கு மட்டும் இயங்கச் செய்வது ஒரு தீர்வு. வேடிக்கையாக, நூற்றுக்கணக்கான பாங்குகளை இயங்கவிட்டு ஏற்றத்தாழ்வுகளைச் சராசரியில் கரைப்பதும் ஒரு தீர்வுதான். இடைப்பட்ட எண்ணிக்கையே தொல்லை.

இழையில் ஓடும்போது

நிறங்கள் எப்படிப் பங்கிட்டுக்கொண்டால் என்ன, மொத்த ஒளி சரியாக இருந்தால் போதாதா என்று கேட்கலாம். லேசருக்குப் பக்கத்திலேயே உணரி இருந்தால் போதும். இடையே பல கிலோமீட்டர் கண்ணாடி இழை வந்துவிட்டால் போதாது. கண்ணாடியில் வெவ்வேறு நிறங்கள் வெவ்வேறு வேகத்தில் செல்கின்றன. வழக்கமான இழையில் 1550 நானோமீட்டர் பகுதியில், ஒரு நானோமீட்டர் வேறுபாடுள்ள இரு நிறங்கள் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் 17 பைக்கோ விநாடி விலகிச் செல்லும்.

அந்தப் பகுதியில் பல்பாங்கு லேசரின் அடுத்தடுத்த பாங்குகள் சுமார் 1.1 நானோமீட்டர் இடைவெளியில் இருக்கும். 20 கிலோமீட்டர் சென்றபின் அவை இரண்டும் ஏறத்தாழ 370 பைக்கோ விநாடி பிரிந்துவிடும். விநாடிக்கு 250 கோடி பிட்டுகள் அனுப்பும் இணைப்பில் ஒரு பிட்டுக்கான நேரமே 400 பைக்கோ விநாடிதான். அதாவது, லேசர் இந்த முறை ஒரு பாங்கிலும் அடுத்த முறை அண்டைப் பாங்கிலும் ஒளிர்ந்தால், ஒரு பிட்டு கிட்டத்தட்ட அடுத்த பிட்டின் இடத்தில் போய் விழும். பெறும் முனையில் ஒன்று பூஜ்ஜியமாகவும் பூஜ்ஜியம் ஒன்றாகவும் படிக்கப்படும். 'பாங்குப் பங்கீட்டு இரைச்சல்' எனப்படும் இந்தக் கோளாறின் கொடுமை என்னவெனில், லேசரின் ஒளியைக் கூட்டினாலும் இது குறையாது. ஒளியோடு சேர்ந்து இரைச்சலும் கூடும்.

இதற்கு இரு வழிகளில் விடை காணப்பட்டது. முதலாவது, லேசருக்குள்ளேயே நுண்ணிய வரிகளைச் செதுக்கி ஒரே அலைநீளத்தை மட்டும் எதிரொளிக்கச் செய்வது. பெல் ஆய்வகத்தின் கோகெல்நிக், ஷாங்க் ஆகியோர் 1970-களின் தொடக்கத்தில் வகுத்த இந்த முறையில் உருவான ஒற்றைப் பாங்கு லேசர்களே நெடுந்தொலைவு இணைப்புகளில் இயங்குகின்றன. அவற்றைச் செய்வதற்குச் செலவு அதிகம். இரண்டாவது வழி எளிது. நிறங்கள் பிரியாத இடத்துக்கு ஒளியை மாற்றிவிடுவது. வழக்கமான இழையில் 1310 நானோமீட்டர் அருகே இந்த நிறப்பிரிகை பூஜ்ஜியத்தை ஒட்டியிருக்கும்.

கிராமத்துப் பெட்டியின் கணக்கு

இப்போது சுவரில் உள்ள பெட்டிக்குத் திரும்பலாம். இந்திய வீடுகளுக்கு வரும் ஃபைபர் இணைப்புகளில் பரவலாக உள்ள 'ஜிபான்' தொழில்நுட்பத்தில், இணைப்பகத்தில் உள்ள ஒரே லேசரின் ஒளி 1490 நானோமீட்டரில் புறப்பட்டு, 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிந்து செல்கிறது. வீடுகளிலிருந்து மறுமொழி 1310 நானோமீட்டரில் திரும்புகிறது. 2011-இல் தேசிய ஒளியிழை வலையமைப்பு என்ற பெயரில் ஒப்புதல் பெற்றுப் பின்னர் பாரத்நெட் ஆன மத்திய அரசுத் திட்டத்திலும், கிராம ஊராட்சிகளை இணைக்க அரசின் சி-டாட் மையம் உருவாக்கிய ஜிபான் கருவிகள் பயன்படுத்தப்பட்டன.

அலைநீளங்கள் இவ்வாறு பிரிக்கப்பட்டதில் பொருளாதாரமும் அடங்கியுள்ளது. இணைப்பக லேசரின் விலையை எல்லா வீடுகளும் பகிர்ந்துகொள்கின்றன. ஆகவே அது ஒற்றைப் பாங்கு லேசராகவே இருக்கலாம். வீட்டுப் பெட்டியின் விலையை அந்த வீடே ஏற்க வேண்டும். 1310 நானோமீட்டரில் மலிவான பல்பாங்கு லேசரும் சமாளித்துவிடும் என்பதால், அதன் அகன்ற நிறப்பட்டைக்கு இடம் தரும் வகையில் 1260 முதல் 1360 நானோமீட்டர் வரை ஜிபான் தரநிலை வீட்டு லேசர்களை அனுமதித்தது.

எனினும் சுவிட்ச் போடும் சிக்கல் வீட்டு முனையில்தான் கடுமையானது. இணைப்பக லேசர் எப்போதும் எரிகிறது. வீட்டு லேசர்களோ ஒரே இழையைப் பகிர்ந்துகொள்வதால், ஒரு நேரத்தில் ஒன்று மட்டுமே பேசலாம். யார் எப்போது பேசலாம் என்பதை 125 மைக்ரோ விநாடிக்கு ஒருமுறை, அதாவது விநாடிக்கு 8,000 முறை, இணைப்பகம் அறிவிக்கிறது. தன் முறை வந்ததும் லேசரைத் தயார்ப்படுத்தத் தரநிலை தரும் அவகாசம் 16 பிட்டுகளுக்கான நேரம், சுமார் 13 நானோ விநாடி. தாமதம், முதல் பொங்கல், தளர்வு அலைவு அனைத்தும் அதற்குள் அடங்கியாக வேண்டும்.

லேசரை வரம்புக்குச் சற்று மேலேயே எப்போதும் வைத்திருந்தால் தாமதம் இராதே என்ற கேள்வி எழலாம். மற்றத் தொடர்புகளில் அப்படித்தான் செய்கின்றனர். இங்கு அது இயலாது. பேசாத 63 வீடுகளும் சிறிதளவு ஒளியைக் கசியவிட்டால், பேசும் ஒரு வீட்டின் குரல் அதில் மூழ்கிவிடும். ஒரு பெட்டியின் லேசர் பழுதாகி அணையாமலேயே நின்றுவிட்டால், அந்த இழையில் உள்ள எல்லா வீடுகளின் இணைப்பும் தடைபடும் நிகழ்வுகள் சேவைப் பொறியாளர்களுக்குப் பழக்கமானவை. எந்த வீட்டுப் பெட்டி குற்றவாளி என்று கண்டுபிடிப்பது அவர்களுக்குத் தலைவலி தரும் வேலை. ஆகவே, பேசாத நேரத்தில் லேசர் முழுதாக அணைக்கப்பட்டு, ஒவ்வொரு முறையும் புதிதாக ஏற்றப்படுகிறது.

விநாடிக்கு 1,000 கோடி பிட்டுகள் அனுப்பும் அடுத்த தலைமுறை இணைப்புகளில் இந்தக் கணக்கு மாறுகிறது. அங்கு வீட்டு லேசர் 1270 நானோமீட்டரில் ஒளிர்கிறது, ஒரு பிட்டுக்கான நேரம் 100 பைக்கோ விநாடியாகச் சுருங்குகிறது. நிறப்பிரிகை குறைவான பகுதியாயினும், அடுத்தடுத்த பாங்குகள் 20 கிலோமீட்டரில் பிரியும் பல பைக்கோ விநாடிகள் அந்த 100-இல் பாதிக்கும் மேல் விழுங்கிவிடக்கூடும். ஆகவே அந்தப் பெட்டிகளில் விலை கூடினாலும் ஒற்றைப் பாங்கு லேசர்களே பொருத்தப்படுகின்றன. அவற்றில் நிறங்களின் போட்டி இல்லை. தொடக்க மௌனமும் முதல் பொங்கலும் அவற்றிலும் உண்டு.